டிஸ்கஸ் மீன் இனப்பெருக்கம்: வரலாறும் திருப்பூர் வட்டார நீரும்

டிஸ்கஸ் என்பது தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் மீன் ஆகும். வட்டமான, பக்கவாட்டில் தட்டையான உடல் காரணமாக இதற்கு இப்பெயர் ஏற்பட்டது. இது சிக்லிட் குடும்பத்தில் சிம்பிசோடான் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. முழு வளர்ச்சியடைந்த மீன் சுமார் 15 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். அலங்கார மீன் வளர்ப்போர் இதனை 'மீன்தொட்டியின் அரசன்' என்று அழைப்பதுண்டு. இதை வாங்கி வளர்ப்பதைக் காட்டிலும் வீட்டில் குஞ்சு பொரிக்கச் செய்வது கடினம். அந்தக் கடினத்திற்கு முதன்மைக் காரணம் நீர்.

திருப்பூர் பின்னலாடைத் தொழில் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறும் நீரைச் சுற்றியே அமைந்துள்ளது. துணிக்குச் சாயமேற்றவும் டிஸ்கஸ் முட்டை பொரிக்கவும் தேவைப்படுவது உப்பும் கடினத்தன்மையும் குறைந்த மென்னீர். அந்த நீர் குறைந்துபோன ஊரில் இந்த மீனை வளர்ப்பது என்ன பொருள்படும் என்பதை இக்கட்டுரை இரண்டு வரலாறுகளின் வழியே விளக்குகிறது.

பெயரும் முதல் விவரிப்பும்

ஆஸ்திரிய இயற்கையியலாளர் யோகான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பிரேசிலில் தங்கி விலங்குகளையும் பறவைகளையும் மீன்களையும் சேகரித்து வியன்னாவுக்கு அனுப்பினார். அச்சேகரிப்பில் இருந்த ஒரு மீனை ஆராய்ந்து, 1840ஆம் ஆண்டு யோகான் யாக்கோப் ஹெக்கல் 'சிம்பிசோடான் டிஸ்கஸ்' என்று பெயரிட்டார். அம்மீன் இன்றைய மனாவுஸ் நகரை ஒட்டிய ரியோ நீக்ரோ ஆற்றுப் பகுதியில் பிடிக்கப்பட்டது. இதனால் இவ்வினம் இன்றும் 'ஹெக்கல் டிஸ்கஸ்' என்று வழங்கப்படுகிறது.

1904இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ழாக் பெல்லெக்ரன் இன்னொரு வடிவத்தை விவரித்தார். 1960இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த லெனர்ட் சுல்ட்ஸ் பச்சை, பழுப்பு, நீலம் என்னும் வடிவங்களைப் பிரித்து வகைப்படுத்தினார். இவற்றில் எவை தனி இனங்கள், எவை வட்டார வேறுபாடுகள் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ரியோ நீக்ரோ என்றால் 'கருப்பு ஆறு' என்று பொருள். காட்டின் இலைச்சருகுகள் ஊறி அதன் நீர் தேயிலைச் சாறு போல நிறம் கொண்டிருக்கும். ஆயினும் அதில் கரைந்துள்ள உப்புகள் மிக மிகக் குறைவு. மழைநீரோடு ஒப்பிடத்தக்க அளவே. பி.எச். அளவு 4 முதல் 5 வரை என்னும் அமிலத்தன்மையில் இருக்கும். வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஹெக்கல் டிஸ்கஸ் பல தலைமுறைகளாக வாழ்ந்து பழகிய நீர் இது. ஏனைய வடிவங்கள் அமில அளவு சற்றுக் குறைந்த கிளை ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்கின்றன. ஆனால் அந்நீர்நிலைகளும் பெரும்பாலும் மென்னீரே.

குஞ்சுகள் உண்ணும் தோல்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டிஸ்கஸ் உயிருடன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. அமெரிக்க வணிகத்தில் இது 'பாம்படூர் மீன்' என்றும் விற்கப்பட்டது. தொட்டிகளில் இவை முட்டையிட்டன. ஆனால் முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடும் எனக் கருதி, ஏனைய மீன்களுக்குச் செய்வதுபோல் வளர்ப்போர் பெற்றோரைப் பிரித்தனர். பிரித்த தொட்டிகளில் பொரித்த குஞ்சுகள் சில நாட்களில் பட்டினியால் மடிந்தன.

குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் கோழைப் படலத்தைக் கொத்தி உண்டு வளர்கின்றன என்பது இதற்கான விளக்கம். இதனை அமெரிக்க உயிரியலாளர் வில்லியம் ஹில்டமன் 1959இல் அறிவியல் இதழில் விவரித்தார். தாய், தந்தை இரண்டும் இப்பணியைச் செய்கின்றன. ஒன்று களைத்தால் உடலைச் சட்டென்று அசைத்துக் குஞ்சுகளை மற்றொன்றின் பக்கம் அனுப்பும்.

2010இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரேசில் ஆய்வாளர்களுடன் இணைந்து இக்கோழையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். இனப்பெருக்கக் காலத்தில் அதில் புரதமும் நோய் எதிர்ப்பொருள்களும் கூடுவதை அவர்கள் கண்டனர். முதல் இரண்டு வாரங்கள் பெற்றோர் குஞ்சுகளை விட்டு அகல்வதில்லை. மூன்றாம் வாரம் முதல் அவற்றைத் தவிர்த்து விலகத் தொடங்குகின்றன. பாலூட்டிகள் குட்டிகளைப் பால் மறக்கச் செய்வதோடு இது ஒப்பிடப்படுகிறது.

நோயுற்ற அல்லது அச்சமுற்ற பெற்றோர் போதிய கோழையைச் சுரப்பதில்லை என்பதால், இந்த அறிதல் வளர்ப்பு முறையையே மாற்றியது. பெற்றோரின் உடல்நலமும் அமைதியான சூழலும் முதன்மை பெற்றன. இதற்கு மாற்றாக அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த ஜாக் வாட்லி, முட்டை மஞ்சள் கருப் பொடியைக் கொண்டு குஞ்சுகளைப் பெற்றோரின்றி வளர்க்கும் முறையைப் பரப்பினார். அவர் தேர்ந்தெடுத்து உருவாக்கிய நீலப்பச்சை நிற 'டர்க்வாய்ஸ்' டிஸ்கஸ் உலகப் புகழ் பெற்றது. ஜெர்மனியில் மருத்துவர் எடுவார்ட் ஷ்மிட்-ஃபோக்கே பல பத்தாண்டுகள் இம்மீனை இனம்பெருக்கி முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

ஆசியாவின் பங்கு

1980களுக்குப் பிறகு டிஸ்கஸ் உற்பத்தியின் மையம் தென்கிழக்கு ஆசியாவுக்கு நகர்ந்தது. மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் பாங்காக், சிங்கப்பூர், ஹாங்காங் ஆகிய இடங்களில் பண்ணைகள் பெருகின. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து 'பிஜியன் பிளட்' என்னும் வகை வந்தது. காட்டு மீனுக்குரிய செங்குத்துக் கோடுகள் அதில் இல்லை. இன்று கடைகளில் காணப்படும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை வகைகள் பலவற்றின் வம்சாவளியில் இவ்வகை உள்ளது.

வணிகம் பெருகியபோது நோயும் பரவியது. 1980களின் நடுப்பகுதியில் 'டிஸ்கஸ் கொள்ளைநோய்' எனப்பட்ட தொற்று பல நாடுகளின் தொட்டிகளைக் காலி செய்தது. மீன்கள் கருத்து, மூலையில் ஒண்டி, மேற்புறக் கோழை உரிந்து இறந்தன. புதிதாக வாங்கிய மீனைப் பல வாரங்கள் தனித்தொட்டியில் வைத்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கும் வழக்கம் வளர்ப்போரிடையே உறுதிப்பட இந்த அனுபவமும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் அலங்கார மீன் வளர்ப்பு

தமிழ்நாட்டில் பொதுமக்கள் கண்ணாடித் தொட்டியில் மீன்களைக் கண்ட முதன்மையான இடம் சென்னை மெரினா மீன் காட்சியகம். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான இது 1909இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

வீட்டுத் தொழிலாக அலங்கார மீன் வளர்ப்பு வேரூன்றிய இடம் சென்னையின் கொளத்தூர். ஏரிகளும் கிணறுகளும் நிறைந்திருந்த இப்பகுதியில் 1970களுக்குப் பிறகு படிப்படியாகச் சிமெண்ட் தொட்டிகளும் மண் குட்டைகளும் பெருகின. கப்பி, மோலி, பொன்மீன், ஃபைட்டர், ஏஞ்சல் ஆகியவை இங்கு பெருமளவில் உற்பத்தியாகின்றன. குடும்பத்தினர் அனைவரும் உழைக்கும் தொழில் என்பதில் இது திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வீட்டுப்புற வேலைகளை ஒத்தது. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் சென்னை மாதவரத்தில் அலங்கார மீன்களுக்கெனத் தொழில்நுட்பப் பூங்கா ஒன்றை நிறுவிப் பயிற்சி அளித்து வருகிறது.

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் வீட்டுப் புறக்கடை அலங்கார மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் திட்டச் செலவாக வரையறுக்கப்பட்டது. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் என அறிவிக்கப்பட்டது. இதனால் திருப்பூர் போன்ற உள்மாவட்டங்களிலும் இத்தொழிலைத் தொடங்க வழி ஏற்பட்டது.

கப்பியும் மோலியும் கடின நீரைத் தாங்கும். மோலிக்கு அதுவே ஏற்றதும்கூட. எனவே உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் தொடங்குவோர்க்கு இவை ஏற்றவை. டிஸ்கஸ் அவ்வாறல்ல.

நொய்யலும் உப்பும்

நொய்யல் ஆறு கோவை மாவட்டத்தின் வெள்ளிங்கிரி மலைப் பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சுமார் 180 கி.மீ. ஓடி, நொய்யல் என்னும் ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1978க்குப் பிறகு ஏற்றுமதியில் நுழைந்தது. உள்நாட்டுச் சந்தைக்கான பனியன் பெரும்பாலும் வெள்ளை. ஏற்றுமதிக்கான டி-சட்டைகளுக்கோ பல நிறங்கள் தேவைப்பட்டன. எனவே சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஆற்றங்கரையில் பெருகின.

பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது மென்னீர் தேவை. நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் படியும். அந்த மென்னீரில் சாயம் நூலில் ஏறுவதற்காகச் சோடியம் உப்புகள் பெருமளவில் சேர்க்கப்படுகின்றன. இவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நிறத்தை நீக்கும் சாதாரணச் சுத்திகரிப்பு முறைகளால் கரைந்த உப்பை நீக்க முடியாது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. சாயக் கழிவுநீர் இவ்வரம்பைப் பல மடங்கு தாண்டியது.

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டிமுடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பகுதிகளில் சுமார் 10,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. தென்னையும் மஞ்சளும் பாதிக்கப்பட்டன. உழவர்கள் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக நீதிமன்றத்தை அணுகினர். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கடும் நிபந்தனைகளை விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை ஒட்டித் தீர்ப்பளித்தது. உத்தரவுகள் முழுமையாக நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட அலகுகள் நின்றன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர்.

இதன் பிறகு 'பூச்சியக் கழிவு வெளியேற்றம்' என்னும் முறை கட்டாயமாயிற்று. எதிர்ச் சவ்வூடு பரவல் எனப்படும் ஆர்.ஓ. சவ்வுகளின் வழியாகக் கழிவுநீரைச் செலுத்தி நன்னீரை மீட்டு, எஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிகலன்களில் ஆவியாக்கி உப்பைத் தனியே எடுப்பது இம்முறை. மீட்ட நீரும் உப்பும் மீண்டும் சாயத்துக்குப் பயன்படுகின்றன. செலவு மிக அதிகம். ஆயினும் நன்னீரை எடுத்துக்கொள்பவரே எஞ்சும் உப்புக்கும் பொறுப்பு என்னும் கொள்கை இதனால் நிலைபெற்றது.

மீன்தொட்டிக்கான நீர்

திருப்பூர் வீடுகளில் இருவகை நீர் உண்டு. பவானி, காவிரி ஆறுகளிலிருந்து குழாய் வழியாக வரும் 'நல்ல தண்ணீர்' ஒன்று. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் 'உப்புத் தண்ணீர்' மற்றொன்று. இதனைச் 'சப்பைத் தண்ணீர்' என்றும் சொல்வர். தொட்டியில் பிறந்து வளர்ந்த டிஸ்கஸ் மீன்கள் ஓரளவு கடின நீரிலும் உயிர்வாழும். முட்டைகளுக்கு அந்தத் தாங்கும் ஆற்றல் இல்லை. கடின நீரில் இணை சேர்ந்து முட்டையிட்டாலும், அவை கருவுறாமல் மூன்றாம் நாளுக்குள் வெள்ளையாகிப் பூஞ்சை பிடிப்பது வளர்ப்போரின் பொது அனுபவம். மாதக்கணக்கில் முட்டை இட்டும் குஞ்சு காணாதவர், மீனையோ தீனியையோ மாற்றுவதற்கு முன் நீரை அளந்து பார்க்க வேண்டும்.

இனப்பெருக்கத்துக்கு ஏற்ற நீரின் பொது அளவுகள்: கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 100 மி.கி.க்குள், பி.எச். 6 முதல் 6.5 வரை, வெப்பநிலை 28 முதல் 30 பாகை செல்சியஸ். குழாயில் வரும் ஆற்றுநீரைக் குளோரின் நீங்க ஒரு நாள் காற்றூட்டி வைத்துப் பயன்படுத்தலாம். கரைந்த திண்மங்கள் அதிகமெனில் ஆர்.ஓ. நீரையோ மழைநீரையோ கலந்து குறைக்க வேண்டும். தனி ஆர்.ஓ. நீரில் பி.எச். திடீரெனச் சரியும் என்பதால் சிறிதளவு ஆற்றுநீர் சேர்ப்பது பாதுகாப்பானது.

இனப்பெருக்கத்தின் படிகள்

ஆண், பெண் வேறுபாட்டைப் புறத்தோற்றத்தால் அறிவது கடினம். ஆகவே ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இளமீன்களை ஒன்றாக வளர்த்து, அவை தாமாக இணை சேர விடுவது வழக்கம். ஓராண்டு வயதை ஒட்டி இணைகள் உருவாகும். இணையைத் தனித்தொட்டிக்கு மாற்றி, உள்ளே கவிழ்த்த மண்சாடி அல்லது கூம்பு ஒன்றை வைப்பர். மணலோ செடியோ இடுவதில்லை. கழிவை எளிதில் அகற்ற இதுவே வசதி.

இணை அந்தச் சாடியின் பரப்பை வாயால் கொத்தித் துப்புரவு செய்யும். பின்னர் பெண் மீன் வரிசை வரிசையாக முட்டையிட, ஆண் பின்தொடர்ந்து கருவுறச் செய்யும். ஒரு முறைக்கு நூறு முதல் முந்நூறு முட்டைகள் வரை இடலாம். இரண்டரை நாளில் அவை பொரியும். அடுத்த இரண்டு, மூன்று நாட்கள் குஞ்சுகள் சாடியில் ஒட்டியபடியே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். பின்னர் நீந்தத் தொடங்கிப் பெற்றோரின் உடலைத் தேடிச் செல்லும். இந்த நாளில் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறைத்து, மங்கலான ஒளி விட்டு வைத்தால் குஞ்சுகள் பெற்றோரை எளிதில் அடையும்.

முதன்முறை இணைகள் முட்டையைத் தின்பது இயல்பு. இரண்டு, மூன்று முறை பொறுத்திருந்தால் பெரும்பாலானவை பழகிக்கொள்ளும். நீந்தத் தொடங்கிய நான்கைந்து நாளில் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா கொடுக்கத் தொடங்கலாம். மூன்று வாரத்தில் குஞ்சுகளைப் பிரிக்கலாம்.

கொங்குப் பகுதியில் மார்கழி, தை மாத இரவுகளில் நீர் குளிரும் என்பதால் சூடேற்றி இன்றியமையாதது. மின்தடை நேர்ந்தால் காற்றூட்டத்துக்கு மின்கலப் பம்பு ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

எஞ்சும் நீர்

குஞ்சுகள் உள்ள தொட்டியில் நாள்தோறும் நீர் மாற்ற வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்குக் கால் பங்கு மாற்றினால் 50 லிட்டர் மென்னீர் தேவை. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நன்னீருக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர் நீரை வெளியேற்றும். அவ்வாறெனில் நாளுக்கு 100 முதல் 150 லிட்டர், மாதத்துக்கு 3,000 முதல் 4,500 லிட்டர் வரை உப்புச் செறிந்த நீர் சாக்கடையில் சேர்கிறது. பத்துத் தொட்டிகள் வைத்திருப்பவர்க்கு இது பத்து மடங்கு. சாயப்பட்டறைக்கு விதிக்கப்பட்ட பொறுப்பு வீட்டுத் தொட்டிக்குச் சட்டப்படி இல்லை. நடப்பதோ சிறிய அளவில் அதே செயல்தான்: மென்னீரைத் தனக்கு எடுத்துக்கொண்டு உப்பை வெளியே விடுவது.

இதைத் தவிர்க்க எளிய வழி மழைநீர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 1,000 லிட்டர் கிடைக்கும். முதல் சில நிமிட நீரை விட்டுவிட்டு, வடிகட்டி மூடிய தொட்டியில் சேர்க்கலாம். திருப்பூரில் ஐப்பசி, கார்த்திகை மழையே முதன்மையானது. அம்மாதங்களில் மழைநீரைச் சேர்த்து இணைகளை முட்டையிடச் செய்வது சிக்கனமானது. ஆர்.ஓ. பயன்படுத்துவோர் வெளியேறும் நீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய நீரில் உப்பு குறைவு, தழைச்சத்து மிகுதி. அது செடிகளுக்கு நல்ல உரநீர்.

மீனை நீர்நிலையில் விடக் கூடாது என்பதும் முக்கியம். டிஸ்கஸ் நம் குளங்களில் நெடுநாள் பிழைப்பது அரிது. ஆனால் அதே தொட்டியில் பாசி தின்ன வளர்க்கப்படும் சக்கர் மீன் கடினமானது. சென்னை ஏரிகளிலும் கேரள நீர்நிலைகளிலும் அது பெருகி உள்ளூர் மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் கேடு விளைவித்து வருகிறது.

நஞ்சராயன் குளம்

திருப்பூர் நகரை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. உள்ளூர் மீன்களும் அவற்றை உண்ணும் நாரைகளும் கூழைக்கடாக்களும் அங்குக் காணப்படுகின்றன. அக்குளத்துக்கு நீர் தரும் நல்லாறு நொய்யலின் துணையாறு. தொழிலும் வீடுகளும் வெளியேற்றும் நீர் இந்த ஓடைகளையே சேர்கிறது. ரியோ நீக்ரோவின் நீரைக் கண்ணாடித் தொட்டிக்குள் உருவாக்க முயலும் ஒருவருக்கு, கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி கையில் இருக்கும். அதே கருவியால் தன் வீட்டுக் கிணற்றையும் தெருவோர ஓடையையும் அளந்து குறித்துவைக்க முடியும். அவ்வகையில் இவ்வளர்ப்பு மாணவர்க்கு நீரியலைக் கற்பிக்கும் நடைமுறைப் பாடமாகவும் அமைகிறது.